கரையை ஒட்டி ஓடும் கப்பல்கள்

ஒரு நாட்டின் சரக்கு எவ்வழியே செல்கிறது என்பது வாணிகர்கள் மட்டும் கருத வேண்டிய செய்தியன்று. அவ்வழி யாருடைய கையில் இருக்கிறதோ, அவர் கையிலேயே விலையும் பிழைப்பும் சிக்கிக்கொள்கின்றன. நம் நாட்டுக் கரையோரக் கப்பல் வாணிபத்தின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துரைக்கிறது.

இருப்புப்பாதை வருவதற்கு முன்னர், கனத்த சரக்குகளுக்குக் கடலே நெடுஞ்சாலையாக இருந்தது. உப்பும் நெல்லும் மரமும் பருத்தியும் பாய்மரக் கலங்களில் துறைக்குத் துறை சென்றன. தூத்துக்குடித் தோணிகளை நம் கடற்கரை மக்கள் நன்கறிவர். பரதவர் பலர் அவற்றின் உரிமையாளராகவும் தண்டல்களாகவும் விளங்கினர். அந்நாளில் தூத்துக்குடியில் கரையருகே ஆழமில்லாததால், பெருங்கப்பல்கள் பல கல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கைக் கரைக்கும் கப்பலுக்கும் சுமந்தவை தோணிகளே. பருவக்காற்றுக் கடுமையான மாதங்களில் பாய் சுருட்டிக் கரையில் காத்திருப்பதும் அத்தொழிலின் ஒழுங்காக இருந்தது.

நீராவிக் கப்பல் இந்நிலையை மாற்றியது. 1856-இல் வேறு பெயரில் தொடங்கி, 1862-இல் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் என்று பெயர் பெற்ற ஆங்கில நிறுவனம், நம் கரையோர வாணிபத்தில் கோலோச்சியது. தூத்துக்குடி–கொழும்பு வழியிலும் அதன் ஆதிக்கமே ஓங்கியிருந்தது. அதனை எதிர்த்து 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் 1907-இல் வந்து சேர்ந்தன. ஆங்கில நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. இறுதியில் பயணம் இலவசம் என்றும், குடையும் தரப்படும் என்றும் அறிவித்ததாகக் கூறுவர். 1908-இல் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். அவர் சிறையில் இருக்கும்போதே, 1911-இல், அந்நிறுவனம் கலைக்கப்பட்டது.

கட்டணக் குறைப்பு வெளிப்படையான ஆயுதம். இதனினும் நுட்பமான ஆயுதம் ஒன்றும் இருந்தது. ஒரு வணிகர் குறித்த காலம் முழுவதும் தங்கள் கூட்டத்துக் கப்பல்களிலேயே சரக்கு அனுப்பினால், செலுத்திய கட்டணத்தில் ஒரு பகுதி பின்னர் திருப்பித் தரப்படும். இடையில் ஒரு முறை வேறு கப்பலை நாடினாலும் அத்தொகை முழுவதும் பறிபோகும். இதனால் புதிய இந்திய நிறுவனத்திற்குச் சரக்குக் கொடுக்க விரும்பியவரும் அஞ்சி நின்றனர். கரையோர வாணிபத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்க வேண்டும் என்னும் மசோதாவை 1928-இல் மத்தியச் சட்டசபையில் எஸ். என். ஹாஜி கொணர்ந்ததன் பின்னணி இதுவே. அது அன்று சட்டமாகவில்லை. விடுதலைக்குப் பின்னர், 1950-இல் அவ்வுரிமை கிட்டியது. 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் அதனை உறுதிப்படுத்தியது.

ஆயினும் உரிமை கிடைத்த பின் சரக்கு கிடைக்கவில்லை. சரக்கு இரயிலுக்கும், பின்னர் லாரிக்கும் சென்றது. காரணம் எளியது. லாரி ஆலை வாசலில் ஏற்றி, கடை வாசலில் இறக்குகிறது. கப்பலில் அனுப்புவோர் துறைமுகத்திற்கு ஒரு முறை, துறைமுகத்திலிருந்து ஒரு முறை எனத் தரைவழிக்கும் செலவிட வேண்டும். இரு துறைகளிலும் ஏற்றுகூலியும் இறக்குகூலியும் உண்டு. தொலைவு மிகுந்து, சரக்கும் பெருமளவாக இருந்தால்தான் கடல்வழியின் சிக்கனம் இச்செலவை வெல்லும். திரும்பும் கப்பலுக்குச் சரக்கு இல்லையெனில் அச்சிக்கனமும் குன்றும்.

இக்கணக்கு பொருந்தி வந்ததற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 1974-இல் தமிழ்நாடு அரசு பூம்புகார் கப்பல் கழகத்தைத் தோற்றுவித்தது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடும் நிறுவனமாகவே நம்மில் பலர் அதனை அறிவோம். அதன் முதன்மைப் பணியோ ஹால்டியா, பாரதீப், விசாகப்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொணர்வது. ஒடிசாவின் சுரங்கத்திலிருந்து இரயிலில் பாரதீப் வரை வந்து, கடலில் எண்ணூரும் தூத்துக்குடியும் சேர்ந்த கரியே நம் வீட்டு விளக்குகள் பலவற்றை எரியச் செய்தது. 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகமும் முதலில் நிலக்கரிக்கென்றே அமைந்தது. இன்று குஜராத்தின் மோர்பியில் செய்யப்படும் தரை ஓடுகளும் கொள்கலன்களில் கடல்வழியே தென்துறைகளுக்கு வருகின்றன.

இயற்கை வைத்த தடை ஒன்றும் உண்டு. பாம்பன் கால்வாயில் சிறு கலங்களே செல்ல இயலும். தூத்துக்குடியிலிருந்து சென்னை செல்லும் பெருங்கப்பல் இலங்கையைச் சுற்றியே போக வேண்டும். 2005-இல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டப் பணி, 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்குப் பின்னர் நின்றுபோயிற்று. அவ்வாழமற்ற கடலின் பவளத் திட்டுகளையும், அவற்றை நம்பி வாழும் மீனவரையும் நினைப்போர், அத்தடையை இழப்பாக மட்டும் கருதமாட்டார்.

2015-இல் மத்திய அரசு சாகர்மாலா திட்டத்தை ஏற்றது. 2018-இல் ஏற்றுமதி, இறக்குமதிக் கொள்கலன்களைத் துறைகளுக்கிடையே எடுத்துச் செல்ல அயல்நாட்டுக் கப்பல்களுக்கும் இடம் தரப்பட்டது. 2025-இல் கரையோரக் கப்பல் வாணிபத்திற்கெனத் தனிச்சட்டமே நிறைவேறியது. லாரியைவிடக் குறைந்த எரிபொருளில் மிகுந்த சுமையைக் கப்பல் கொண்டு செல்லும் என்பதில் ஐயமில்லை. நெரிசலும் புகையும் நிறைந்த சாலைகளுக்கு இது ஆறுதலே.

எனினும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. 1906-இல் 25 ரூபாய் கொடுத்துப் பங்கு வாங்கிய எளிய மனிதர், கடல்வழியின் பயன் இந்நாட்டு மக்களைச் சேர வேண்டும் என்றே கொடுத்தார். புதிய துறைகளும் சட்டங்களும் வரும்போது, சிறு தோணிக்காரருக்குத் துறையில் இடம் இருக்குமா? மீனவரின் வலைக்குக் கடலில் இடம் இருக்குமா? கடற்கரை ஊர்களின் இளைஞர்கள் அக்கப்பல்களில் மாலுமிகளாகச் செல்வார்களா, அன்றிக் கரையில் நின்று பார்ப்பார்களா? கடல்வழி வளர்வதை வரவேற்போம். இக்கேள்விகளுக்கு விடையையும் விடாது கேட்போம்.