கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு: கல்விக் கடனின் வரலாறு



நினைவுப் பேருரை என்றால் மறைந்தவர்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நாம் நம் வீடுகளில், ரேஷன் அட்டைக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசுவோம். பட்டம் வாங்கிய பிள்ளையின் கல்விக் கடனுக்கு வங்கி அனுப்பிய நோட்டீஸ் அது. பல வீடுகளில் அதைப் பிரித்துப் படிக்கவே கூசுகிறார்கள். அந்தக் கூச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

தஞ்சைப் பகுதியில் நம் முன்னோர் பண்ணையாட்களாக இருந்தார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மிராசுதாரிடம் வாங்கிய பணத்துக்குக் கைநாட்டு வைத்தவர் தாத்தா என்றால், அதற்காக உழைத்தவர் அப்பா. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடனுக்கு ஈடாக ஆளையே பிடித்துவைப்பது குற்றம் என்று சொல்ல 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது. கடன் என்ற சொல்லைக் கேட்டதும் நம் தலை தானாகக் குனிவது அந்தக் காலத்தின் மிச்சம்.

படிப்புக்கான கடனும் நமக்குப் புதிதல்ல. 1913இல் அண்ணல் அம்பேத்கர் மாதம் 11.50 பவுண்ட் உதவித்தொகையில் பரோடா சமஸ்தானத்தால் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். படித்து முடித்ததும் 10 ஆண்டுகள் சமஸ்தானத்தில் வேலை செய்வதாக அவர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார். அதன்படி 1917இல் பரோடாவுக்குப் போனார். வேலை கிடைத்தது, தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியவரைத் தடியோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. கொலம்பியாவில் படித்தவர் ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாமல் பம்பாய்க்குத் திரும்பினார். 1920இல் மீண்டும் லண்டனுக்குப் படிக்கப் போனபோது, தன் சேமிப்போடு கோல்ஹாபூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய்க் கடனும் அவருக்குத் தேவைப்பட்டன.

பரோடா நமக்குச் சொல்வது இதுதான்: பட்டம் பெற்றவரால் கடனைத் தீர்க்க முடியுமா என்பதை அவருடைய திறமை மட்டும் முடிவு செய்வதில்லை. அவருக்கு வீடும் வேலையும் தர மறுக்கும் சாதியும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

இதை உடம்பால் அறிந்தவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோதுதான், 1944இல், பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை தொடங்கியது. அது திருப்பிக் கட்ட வேண்டிய பணமல்ல. நம் படிப்புக்கு அரசே பொறுப்பு என்ற ஒப்புதல் அது. நம்மில் முதல் தலைமுறை ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் அந்தப் பணத்தில் படித்து வந்தவர்கள்.

பிறகு பாதை மாறியது. 1984க்குப் பிறகு தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. கட்டணம் உயர்ந்தது. உதவித்தொகையோ தாமதமாக வந்தது. 2001இல் வங்கிகளுக்கான மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்தது. 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை வேண்டாம், பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றது. நிலமில்லாத நம் வீடுகளுக்கு அது ஒரு கதவு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1944இல் அரசின் தோளில் இருந்த சுமை அந்தக் கையெழுத்தோடு கூலித் தொழிலாளியான அப்பாவின் தோளுக்கு இறங்கியது. அன்று அப்பன் பட்ட கடன் மகன்மேல் விழுந்தது. இன்று மகள் படித்த கடன் அப்பன்மேல் விழுகிறது. படித்தவுடன் சம்பளம் வரும் என்பது வங்கியின் கணக்கு. அந்தக் கணக்கில் சாதிக்கு இடமில்லை.

ஆனாலும் பண்ணைக் கடனுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மிராசுதாரின் நோட்டை நம்மால் படிக்க முடியவில்லை. இந்தக் கடிதத்தைப் படிக்க முடியும். ஆகவே படிப்போம்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டி மானியம் தரும் மத்திய அரசுத் திட்டம் 2009 முதல் இருக்கிறது. உங்கள் கணக்கில் அது வரவு வைக்கப்பட்டதா என்று வங்கியில் கணக்கு அறிக்கை கேளுங்கள். வேலை கிடைக்காத காலத்தில் தவணையைத் தள்ளிவைக்கவும் 15 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தவும் மாதிரித் திட்டத்தின் 2015 திருத்தம் இடம் தருகிறது. தவணை தவறி 90 நாட்கள் தாண்டினால் அது வாராக் கடனாகிவிடும். அதற்கு முன்பே மேலாளருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாட்களில் தீர்வு வராவிட்டால், கட்டணமில்லாமல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இவை தனித்தனியாக ஒவ்வொருவரும் செய்ய வேண்டியவை. சேர்ந்து செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. உதவித்தொகை உரிய காலத்தில் முழுமையாக வந்திருந்தால் இந்தக் கடன்களில் எத்தனை தேவைப்பட்டிருக்காது என்று ஊர் ஊராகக் கணக்கெடுப்போம். அந்தக் கணக்கை அரசின் முன் வைப்போம்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அந்தக் கடிதத்தை எடுங்கள். அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கைநாட்டு வைத்தவர்களுக்கு யாரும் படித்துக் காட்டியதில்லை.