மூவரி அணிலும் மலாயாப் பூந்தோட்டமும்

வீட்டு முன்றிலில் செம்பருத்தியும் மல்லிகையும் வளர்ப்போர்க்கு அணிலோடு ஓயாத வழக்கு உண்டு. காலைப் பூசைக்கென விட்டு வைத்த மொட்டு கொறிபட்டுக் கிடக்கும். கொய்யாப் பிஞ்சு பாதி தின்னப்பட்டு மண்ணில் உருளும். விரட்டினால் அணில் தென்னையில் ஏறி நின்று வாலை ஆட்டும். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தோட்டமுள்ள வீடுகளில் இது அன்றாடக் காட்சி. ஆயினும், வழக்குத் தொடுக்குமுன் எதிராளி யார் என அறிதல் முறையன்றோ? தமிழ் நூல்கள் கூறும் அணில் வேறு. மலாயா மண்ணில் தமிழர் கண்ட அணில் வேறு.

தொல்காப்பிய மரபியல் அணிலை ‘மூவரி அணில்’ என்றே குறிக்கிறது. அதன் இளமைப் பெயர் ‘குட்டி’ என வகுக்கிறது. முதுகில் மூன்று வெண்கோடுடைய இவ்வணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. இராமபிரான் விரலால் தடவியதால் அக்கோடுகள் அமைந்தன என்பது நாட்டார் வழக்கு. தொண்டரடிப்பொடியாழ்வார் தம் திருமாலையில், கடலில் முழுகி மணலிற் புரண்டு அணைக்கு உதவிய அணிலைப் போற்றி, அதன் கள்ளமின்மை தமக்கில்லையே என இரங்குகிறார். ஆனால் முதுகைத் தடவிய செய்தி அப்பாசுரத்தில் இல்லை. எவ்வாறாயினும், அணிலைக் கொல்லத் தமிழர் கை கூசுவதற்கு இக்கதையே பெருங்காரணம் எனலாம்.

சங்கப் பாடலிலோ அணிலுக்கு மற்றொரு பொருள் உண்டு. குறுந்தொகை 41 ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் மறைந்து, அவர் கையாண்ட உவமையே ‘அணிலாடு முன்றிலார்’ எனப் பெயராயிற்று. தலைவன் பிரிந்தபோது தலைவியின் நெஞ்சம், மக்கள் விட்டுச் சென்ற வீட்டைப்போல் பொலிவிழக்கிறது. அவ்வீட்டின் முன்றிலில் அணில்கள் விளையாடுகின்றன. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தான் அணில் அச்சமின்றி ஆடும் என்பதைப் புலவர் கூர்ந்து கண்டிருக்கிறார். தோட்டம் காப்போர்க்கும் இது பயன்படும் உண்மையே.

இனி மலாயாவின் அணிலைக் காண்போம். கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் மிகுதியும் காணப்படுவது, முதுகு பழுப்பாகவும் வயிறு செம்மையாகவும், விலாவில் வெள்ளையும் கறுப்புமான கோடுகள் உடையதாகவும் உள்ள அணில். முதுகில் மூவரி இதற்கு இல்லை. மலாய்க்காரர் இதனைத் ‘துப்பாய்’ என்பர். எவ்வளவு திறமையாகத் தாவும் துப்பாயும் ஒருநாள் தரையில் விழும் என்பது அவர்தம் பழமொழி. நம் நாட்டில் யானைக்குச் சொல்லும் அடிசறுக்கலை அவர்கள் அணிலுக்குச் சொன்னார்கள்.

காட்டை அழித்துப் பயிரிட்ட இடங்களில் இவ்வணில் குறையவில்லை. தென்னையிலும் பழமரங்களிலும் நன்கு தழைத்தது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் 1917 இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனையை வாணிகப் பயிராக நட்டார். பின்னர் செம்பனை பெருகப் பெருக, அதன் பழத்தைத் தின்னும் எலியும் பெருகிற்று. தென்னைக்கு ஊடே கொக்கோ பயிரிட்ட இடங்களில் காயைத் துளைத்து அணில் பெரும் இழப்பு உண்டாக்கியது.

எலியை ஒழிக்கத் தோட்டங்கள் நஞ்சை நாடின. 1948 முதல் எலி மருந்தாக வழங்கிய வார்ஃபரின் பரவலாகப் பயன்பட்டது. நாளடைவில் அதற்குச் சாகாத எலிகள் தோன்றின. எனவே அதனினும் கொடிய மருந்துகள் வந்தன. இதற்கிடையே, 1960 களின் இறுதியில் ஜொகூர்ச் செம்பனைத் தோட்டத்தில் கூகை கூடு கட்டியது அறியப்பட்டது. எலியே அதன் முதன்மை உணவாதலால், கம்பங்களில் பெட்டி அமைத்துக் கூகையை வளர்க்கும் முறை தோன்றிப் பரவியது. ஆனால் புதிய நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகைகளும் மடிந்தன. காவலனைக் கொன்று கள்வனைப் பிடிக்க முயன்ற கதையாயிற்று இது. வீட்டுத் தோட்டத்தில் அணிலுக்கென நஞ்சு வைப்போர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்நஞ்சு அணிலோடு நில்லாது; பூனைக்கும் நாய்க்கும் பறவைக்கும், தவழும் குழந்தைக்குமே கேடாகலாம்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? முதலில், கொறித்தது யார் என அறிதல் வேண்டும். அணில் பகலில் உலவுவது. எலி பெரும்பாலும் இரவில் வருவது. மாலையில் முழுமையாக இருந்த மொட்டு விடியுமுன் சிதைந்திருந்தால் பழி அணிலைச் சாராது. அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. ஆதலால் கொறிப்பது அதற்குப் பசிக்காக மட்டும் அன்று, பல் தேய்வதற்கும் ஆகும். அதனைத் திருத்த இயலாது, தடுக்கவே இயலும்.

விதைப் பாத்திக்கும் நாற்றுக்கும் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை போதும். தனித்து நிற்கும் மரத்தில், ஆறடி உயரத்தில் ஈரடி அகலத் தகட்டைச் சுற்றினால் அணிலின் நகம் பற்றாது. ஆனால் பக்கத்து மரக்கிளையோ கூரையோ தொட்டுக்கொண்டிருந்தால் தகடு வீணே. கிளையை முதலில் கழித்தல் வேண்டும். பழங்களைச் சாக்கிலும் பின்னிய ஓலையிலும் பொதிந்து காப்பது மலாய்க் கிராமங்களின் பழைய வழக்கம். மிளகாய்த்தூள் தூவுவோரும் உளர். இந்நாட்டு மழையில் அது ஒருநாளும் நில்லாது.

தோட்ட லயங்களில் வீட்டுக்கு முன் சிறு பூந்தோட்டம் வைப்பது தமிழர் வழக்கம். விடுதலைக்குப்பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தொழிலாளர் தாமே நிலம் வாங்கும் பொருட்டு 1960 இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். ஆயினும் பின்வந்த ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல தோட்டங்கள் நகரங்களாயின. 1978 இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலமும் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலமே. மக்கள் அடுக்குமாடிக்குச் சென்றனர். ஆளற்ற லயங்களின் முன்றிலில் அணில்கள் ஆடின. அணிலாடு முன்றிலாரின் உவமை ஈராயிரம் ஆண்டுக்குப்பின் இங்கே மெய்யாயிற்று.

ஆகவே, இன்று முன்றிலில் பூச்செடி வைத்து அணிலோடு வழக்காடுவோர் ஒருவகையில் பேறு பெற்றோரே. விரட்டுவதற்கு ஆள் இருக்கும் வரை அது குடியிருக்கும் வீடு. வலையிட்டுப் பூவைக் காப்போம்; உயரத்தில் பழுத்த ஒரு பழத்தை அணிலுக்கும் விடுவோம்.