ஜென்னே: களிமண்ணில் நிற்கும் பள்ளிவாசல்

 



உலகில் காண வேண்டிய வியப்பான நகரங்கள் என்று பட்டியல் போடும் நூல்களைப் புரட்டியிருப்பீர்கள். அவற்றில் ஒரு படம் பெரும்பாலும் தவறாமல் இடம்பெறும். பழுப்பு நிறக் களிமண்ணால் எழுந்த ஓங்கிய சுவர். அதில் மூன்று மினாராக்கள். சுவரெங்கும் முள்ளம்பன்றியின் முட்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கட்டைகள். முன்னே பரபரப்பான சந்தை. படத்தின் கீழே மாலி நாட்டின் ஜென்னே நகரம் என்று எழுதியிருக்கும். பார்ப்பவர் வியந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அந்தச் சுவர் எப்படி இன்னும் நிற்கிறது, யாருடைய கைகள் அதை நிற்க வைக்கின்றன, ஒரு காலத்தில் அது எப்படி வீழ்ந்தது என்பவற்றைப் படம் சொல்வதில்லை. சற்றுப் பொறுமையுடன் அந்த ஊருக்குள் வாருங்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில், மாலியின் தலைநகர் பமாகோவிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 570 கிலோமீட்டர் தொலைவில், பானி ஆற்றின் வெள்ளச் சமவெளியில் இருக்கிறது ஜென்னே. மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது ஊர் தீவாகிவிடும். அங்கே கல் கிடைப்பது அரிது. கிடைப்பதெல்லாம் ஆற்று வண்டலும் நெல் உமியும் பனையும்தான். சுவர்களில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகள் நம் பனைமரத்தின் இனத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கப் பனையிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றை அங்கே ‘தோரோன்’ என்கின்றனர். அவை அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. கொத்தனார்கள் ஏறி நின்று பூச்சு வேலை செய்வதற்கான நிரந்தரச் சாரமும் அவைதாம்.

ஊர் மிகப் பழமையானது. இன்றைய நகருக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் ‘ஜென்னே ஜெனோ’ என்னும் மண்மேடு உள்ளது. 1977 முதல் அங்கே நடந்த அகழாய்வுகள், கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே மக்கள் அங்கே குடியிருந்ததை வெளிக்கொணர்ந்தன. ஆப்பிரிக்கக் கண்டத்துக்கு அந்நியர் வந்துதான் நகர வாழ்க்கையைக் கற்பித்தனர் என்று எழுதி வைத்தவர்களுக்கு அந்த மேடே மறுப்பாக நிற்கிறது.

இந்நகரின் பழைய செய்திகளை நமக்கு எழுதி வைத்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸஃதீ (ரஹ்) அவர்கள். திம்புக்துவைச் சேர்ந்த அறிஞர். ஜென்னேயில் இமாமாகவும் பணியாற்றியவர். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் அரபியில் எழுதிய ‘தாரீக்குஸ் ஸூதான்’ என்ற வரலாற்று நூலில், முஸ்லிம்களின் பெரும் சந்தைகளுள் ஒன்றாக ஜென்னேயைக் குறிப்பிடுகிறார். சஹாராவின் தகாஸா சுரங்கத்து உப்பும் தெற்கே கிடைத்த தங்கமும் இங்கேதான் சந்தித்தன. இங்கிருந்து சரக்குகள் படகேறித் திம்புக்துவுக்குச் சென்றன.

இவ்வூரின் அரசர் கொன்போரோ இஸ்லாத்தை ஏற்ற செய்தியையும் அஸ்ஸஃதீ தருகிறார். ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் நடந்ததாகக் கருதப்படும் நிகழ்வு அது. அரசர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்த ஆலிம்களை எல்லாம் அழைத்தார். அவர்களின் எண்ணிக்கை 4,200 என்கிறது அந்நூல். அவர்கள் முன்னிலையில் கலிமாவை மொழிந்தபின், நகருக்காக மூன்று துஆக்களைக் கேட்குமாறு வேண்டினார். வறுமையால் சொந்த ஊரை விட்டு ஓடிவருபவருக்கு இங்கே தாராளமான வாழ்வு கிடைக்க வேண்டும் என்பது முதலாவது. இவ்வூரில் மண்ணின் மைந்தரைவிட வெளியூரார் அதிகமாக வாழ வேண்டும் என்பது இரண்டாவது. சரக்கு கொண்டுவரும் வணிகர்கள் காத்திருந்து அலுத்துப்போய், மலிவான விலைக்கு விற்றுவிட வேண்டும் என்பது மூன்றாவது!

மூன்றாவது துஆவைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அரசராயினும் சந்தைக்காரரின் மனம் போகவில்லை. ஆனால் முதல் இரண்டையும் சற்று நிதானித்துப் பாருங்கள். அகதியாக வருபவனும் அந்நியனாக வருபவனும் நம் ஊரில் பெருக வேண்டும் என்று ஆலிம்களைக் கொண்டு துஆ கேட்டவர் அவர். இந்தக் காலத்தில் எந்த ஊரில் அப்படியொரு துஆ கேட்கப்படுகிறது?

பின்னர் கொன்போரோ தம் அரண்மனையை இடித்து அந்த இடத்தில் பள்ளிவாசலைக் கட்டினார். பல நூற்றாண்டுகள் அதில் தொழுகை நடந்தது.

வாசகர்களே, அது வீழ்ந்த விதத்தைத்தான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அதை எதிரிகள் இடிக்கவில்லை. பீரங்கியும் கடப்பாரையும் அங்கே வரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாஸினா பகுதியில் ஃபுலானி மக்களிடையே எழுந்த ஷெய்கு அஹ்மத் லொப்போ என்பவர் இஸ்லாமிய ஆட்சியொன்றை நிறுவி ஜென்னேயையும் தம் வசப்படுத்தினார். அவர் மார்க்கப் பற்று மிக்கவர். தம் புதிய தலைநகருக்கு ‘ஹம்துல்லாஹி’ என்று பெயரிட்டவர். அரண்மனை நின்ற இடத்தில் ஆடம்பரமாக எழுந்த பள்ளி அவருக்கு உவப்பாக இல்லை. எளிமையான பள்ளியே அல்லாஹ்வின் இல்லத்துக்குத் தகுதியானது என்று எண்ணினார். ஆயினும் அல்லாஹ்வின் இல்லத்தைக் கையால் இடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

கூரையிலிருந்து மழைநீரை வெளியேற்றும் மண் தூம்புகளை அடைத்துவிட்டார்கள் என்று கூறப்படுகிறது. அவ்வளவுதான். களிமண் கட்டடத்துக்கு வேறு என்ன வேண்டும்? நீர் தேங்கியது, கூரை ஊறியது, பூசுவாரும் இல்லை. மிச்ச வேலையை மழை பார்த்துக்கொண்டது. 1828இல் முஸ்லிம் வேடத்தில் அங்கே சென்ற ரெனே காயியே என்ற பிரெஞ்சுப் பயணி, பாழடைந்து கிடந்த அந்தப் பெரிய கட்டடத்தில் தகைவிலான் குருவிகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டியிருந்ததையும், உள்ளே நாற்றம் தாளாமல் மக்கள் வெளி முற்றத்தில் தொழுததையும் எழுதி வைத்தார். 1834 முதல் 1836 வரையிலான ஆண்டுகளில் ஷெய்கு அஹ்மத் தம் எண்ணப்படி எளிமையான புதிய பள்ளி ஒன்றைப் பக்கத்தில் கட்டினார்.

அவருடைய நோக்கத்தைப் பழிக்க நான் துணியவில்லை. எளிமையை நாடியவரை எவ்வாறு பழிப்பது? ஆனால் தூம்பை அடைத்துவிட்டு மழையின் மீது பொறுப்பைச் சுமத்தியதை மட்டும் என் உள்ளம் ஏற்க மறுக்கிறது. இடிப்பவனின் பெயராவது வரலாற்றில் நிற்கும். கவனிக்காமல் விட்டவர்களின் பெயரை யார் எழுதப்போகிறார்கள்? நம் நாட்டிலும் எத்தனையோ பழைய பள்ளிகள், மையவாடிகள், வக்ஃபு நிலங்கள் யாரும் கை வைக்காமலே கரைந்து போயிருக்கின்றன.

1893இல் பிரெஞ்சுப் படை ஜென்னேயைக் கைப்பற்றியது. 1906-1907இல் பழைய பள்ளியின் இடத்திலேயே இன்றைய பெரிய பள்ளிவாசல் எழுந்தது. ஊர்க் கொத்தனார்களின் தலைவர் இஸ்மாயீலா த்ரவோரே அதைக் கட்டுவித்தார். கட்டாய உழைப்பாளிகளைக் கொண்டே அது எழுப்பப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஷெய்கு அஹ்மதின் எளிய பள்ளி இருந்த இடம் பிரெஞ்சு ஆட்சியில் பள்ளிக்கூடமாயிற்று. எதை மழைக்கு விட்டார்களோ அது மீண்டும் எழுந்து நின்றது. எதை அதற்குப் பதிலாகக் கட்டினார்களோ அது மறைந்துவிட்டது. அல்லாஹ்வின் நாட்டத்தை யார் அறிவார்!

இன்றைய பள்ளி, சந்தைத் திடலுக்கு ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்தில், பக்கத்துக்கு 75 மீட்டர் கொண்ட மேடையின் மீது நிற்கிறது. கிப்லாச் சுவர் சந்தையை நோக்கியது. நடு மினாரா ஏறத்தாழ 16 மீட்டர் உயரம். உள்ளே 90 பருத்த தூண்கள் கூரையைத் தாங்குகின்றன. வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளிர்ச்சியும் அரையிருளும் நிலவும். கூரையில் துளைகள் இட்டு அவற்றைச் சுட்ட மண்மூடிகளால் மூடி வைத்திருக்கின்றனர். மூடியைத் திறந்தால் வெப்பக் காற்று வெளியேறிவிடும்.

இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு உறை வெறும் மண்பூச்சுதான். ஒவ்வொரு மழைக்காலமும் அதை அரித்துச் செல்லும். ஆகவே மழைக்கு முன்னதாக ஆண்டுக்கு ஒருமுறை ஊரே கூடிப் பூசுகிறது. ஆற்றோரத்து வண்டலை எடுத்து, உமி கலந்து, நீர் ஊற்றிக் குழிகளில் பல நாள் புளிக்க விடுவார்கள். சிறுவர்கள் இறங்கி மிதித்துக் குழப்புவார்கள். அதைத் தடுப்பாரில்லை, வேலையும் அதுதானே! பூச்சு நாளுக்கு முந்திய இரவில் ஊர் உறங்குவதில்லை. விடிந்ததும் ஊரின் பகுதிவாரியாக இளைஞர்கள் கூடைகளில் சேற்றைச் சுமந்து, யார் முதலில் கொண்டு சேர்ப்பது என்று போட்டியிட்டு ஓடுவார்கள். பெண்கள் குடங்களில் தண்ணீர் கொண்டுவருவார்கள். ‘பரே’ எனப்படும் கொத்தனார்கள் தோரோன் கட்டைகளில் ஏறி நின்று வெறுங்கையால் பூசுவார்கள். அத்தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. ஏற இயலாத முதியவர்களுக்குத் திடலில் மரியாதைக்குரிய இடம் உண்டு. அங்கே அமர்ந்து, எங்கே பூச்சு மெலிந்தது என்று குரல் கொடுப்பார்கள்.

இதைப் படிக்கும்போது மதீனாவின் நினைவு வராமல் இருக்குமா? நபி (ஸல்) அவர்களின் பள்ளியும் வெயிலில் காய்ந்த மண்கல்லால் ஆனதே. தூண்கள் பேரீச்ச மரங்கள். கூரை பேரீச்ச மட்டைகள். தோழர்களுடன் சேர்ந்து அண்ணலாரும் கல் சுமந்தார்கள். ரமளானின் ஓர் இரவில் மழை பெய்து கூரை ஒழுகியது. அந்த ஈர மண்ணிலேயே நபியவர்கள் ஸஜ்தா செய்தார்கள். நெற்றியிலும் மூக்கிலும் சேற்றின் அடையாளம் இருந்தது. அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தி ஸஹீஹுல் புகாரீயில் உள்ளது. அல்லாஹ்வின் பள்ளிகளை யார் பராமரிப்பார்கள் என்பதைப் பற்றித் திருக்குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் 18ஆம் வசனம் பேசுகிறது. தப்ஸீர்களில் அதன் விளக்கத்தை வீட்டில் பிள்ளைகளுடன் அமர்ந்து ஒருமுறை வாசியுங்கள்.

1988இல் யுனெஸ்கோ ஜென்னேயை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன்பின் வந்த கூட்டத்தால் ஊருக்கு வருவாய் கிடைத்தது, சோதனையும் வந்தது. 1996இல் ஓர் ஆடை அலங்கார இதழுக்காக, அரைகுறை உடையணிந்த பெண்களைப் பள்ளியின் உள்ளேயும் கூரையிலும் நிறுத்திப் படமெடுத்தார்கள். ஊர் கொதித்தது. அன்றிலிருந்து முஸ்லிமல்லாதோர் உள்ளே நுழையத் தடை வந்தது. 2006இல் சீரமைப்புப் பணிக்காக வல்லுநர் குழு ஒன்று கூரையை ஆராயத் தொடங்கியபோது பெருங்கலவரமே மூண்டது. தம் கையால் பூசி வந்த கூரையைப் பிறர் தோண்டுவதைக் கண்ட மக்களின் கோபம் எல்லை மீறியது. கலவரம் தவறுதான். ஆனால் வல்லுநர்களின் பணி தேவையற்றது என்றும் சொல்ல முடியாது. 2009 நவம்பரில் ஒரே நாளில் கொட்டிய மழையில் கிப்லாச் சுவரின் தெற்கு மினாராவின் மேற்பகுதி இடிந்து விழுந்தது. சீரமைத்தவர்கள் அந்தக் குழுவினரும் ஊர்க் கொத்தனார்களும் சேர்ந்துதான்.

ஊர்வாசிகளுக்கு வேறொரு மனக்குறையும் உண்டு. பழைமை குலையக்கூடாது என்ற விதியால், சொந்த வீட்டின் தரையில் ஓடு பதிக்கவும் சுவரை மாற்றவும் தயங்க வேண்டியிருக்கிறது. பார்க்க வருபவருக்கு அழகாக இருக்கும் மண்தரையில் வாழ்பவர் அவர்தாமே! படம் எடுத்துச் செல்பவர் அந்த வீட்டில் ஒரு மழைக்காலத்தைக் கழித்துப் பார்க்கட்டும்.

2012 முதல் மாலியில் மூண்ட ஆயுத மோதல்களால் பயணிகளின் வருகை ஏறத்தாழ நின்றுபோயிற்று. 2016இல் யுனெஸ்கோ ஜென்னேயை ஆபத்துக்குள்ளான பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. வழிகாட்டிகளும் கைவினைஞர்களும் பிழைப்பை இழந்தார்கள். ஆகவே, பயணம் போய்வாருங்கள் என்று உங்களை அழைக்க இயலாத நிலையில்தான் இதை எழுதுகிறேன்.

ஆனால் படமெடுக்க ஆளில்லாத அந்த ஆண்டுகளிலும் பூச்சு நடந்தது. குழிகளில் வண்டல் புளித்தது, கூடைகள் ஓடின, கொத்தனார்கள் பனங்கட்டைகளில் ஏறினார்கள். வேலை முடிந்ததும் உடம்பெல்லாம் சேறாக இளைஞர்கள் ஆற்றுக்குக் குளிக்கப் போகிறார்கள். ஈரம் காயாத சுவர் கறுத்துத் தெரிகிறது. கூரை விளிம்பில் மண் தூம்புகள் வாய் திறந்தபடி மழைக்குக் காத்திருக்கின்றன.