நாய்க்கும் பருந்துக்கும் வைத்த பெயர்

வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கொச்சைப் பேச்சில் 'பை டாக்' என்றொரு சொல் உண்டு. தெருநாய் என்று அர்த்தம். பட்டாளத்துக் கன்டோன்மென்ட்களில் பிறந்து, பிறகு கதைப் புத்தகங்களிலும் அகராதிகளிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்தப் 'பை' எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே போனால் நம்ம தெருமுனையில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

1886-ல் யூல், பர்னெல் என்று இரண்டு பேர் சேர்ந்து 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதியைப் போட்டார்கள். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் வாயில் புரண்ட சொற்களின் தொகுப்பு அது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். புத்தகம் வெளிவருமுன்பே, 1882-ல், செத்துப்போனார். 'பை' என்பது 'பறையா நாய்' என்பதைச் சிப்பாய்களும் இளம் அதிகாரிகளும் சுருக்கிச் சொன்னது என்கிறது அவர்கள் அகராதி. 'வெளியாள்' என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று பின்னால் வந்த சிலர் சொல்வதும் உண்டு. இருக்கட்டும். 'பறையா நாய்' என்ற முழுச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அதே அகராதியில் பறையா சாராயம் இருக்கிறது, பறையா பருந்து இருக்கிறது. இந்தப் பருந்து விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம்ம ஊர் ஆகாயத்தில் இரண்டு பருந்து சுற்றுகின்றன. ஒன்று தலை வெளுத்து, உடம்பு செம்பு நிறத்தில் இருக்கும். கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அது. இங்கிலீஷில் அதற்குப் பெயர் 'பிராமினி கைட்'. இன்னொன்று மங்கிய பழுப்பு நிறம், குப்பைமேட்டுக்கும் கசாப்புக் கடைக்கும் மேலே வட்டமடிப்பது. அதுதான் 'பறையா கைட்'. மீன்பிடித் துறையில் போய்ப் பாருங்கள், பிராமினி கைட்டும் செத்த மீனைப் பொறுக்கித்தான் தின்கிறது. சாப்பாட்டில் பெரிய வித்தியாசமில்லை, நிறத்தில்தான். இதில் ஒரு வேடிக்கை, 1832-ல் சைக்ஸ் என்ற வெள்ளைக்காரர் இந்தப் பறையா பருந்துக்கு லத்தீனில் பெயர் வைக்கும்போது 'கோவிந்தா' என்று வைத்துவிட்டார். கருடன் ஒரு பக்கம் பறக்க, பெருமாள் பெயர் நம்ம பருந்துக்கு வந்துவிட்டது!

பறவைக்குச் சாதி பார்க்கும் புத்தி வெள்ளைக்காரனுக்கு எங்கேயிருந்து வந்தது? அவன் நாட்டில் ஏழை பணக்காரன் பேதம் இருந்தது, அடிமை வியாபாரமும் செய்தான். ஆனால் எது பிராமணப் பருந்து, எது பறைப் பருந்து என்று பிரிக்க அவனுக்குப் பக்கத்தில் யாராவது நின்று சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். துபாஷிகளும் சாஸ்திரிகளும் சும்மாவா இருந்தார்கள்? 1516 வாக்கிலேயே மலபார் பற்றி எழுதிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பர்போசா, 'பரேயாஸ்' என்று பன்மையில் குறிப்பிட்டு, இவர்களைப் பார்த்தாலே தீட்டு என்று எழுதிவைத்தார். கப்பலில் வந்தவன் கண்ணால் தீட்டைப் பார்த்திருக்க முடியாது, காதால் கேட்டதைத்தான் எழுதியிருப்பான். யார் சொல்லி?

இதிலே நெஞ்சை அறுப்பது ஒன்று உண்டு. மெட்ராஸ் ராணுவத்தில் பறையர்கள் ஏராளமாகச் சேர்ந்திருந்தார்கள். சாப்பர்ஸ் படையில் பாலம் கட்டினார்கள், சுரங்கம் வெட்டினார்கள். வெள்ளைக்காரன் வீட்டில் சமைத்துப் போட்டவர்களும் பெரும்பாலும் எங்க சனங்கதான். அந்தக் கையால் வாங்கித் தின்றுகொண்டே வாசலில் கிடந்த நாயை அந்தப் பெயரால் கூப்பிட்டிருக்கிறான்.

ஹாப்சன்-ஜாப்சன் ஒரு நல்ல காரியம் செய்தது. இது ஒரு தனிச் சாதியின் பெயர், இதை எல்லா விலக்கப்பட்டவர்களுக்கும் சேர்த்து வழங்குவது தப்பு என்று எழுதியது. யார் கேட்டார்கள்? அதற்குள் சொல் ஐரோப்பா முழுக்கச் சுற்றியிருந்தது. 1823-ல் மிஷேல் பேர் என்ற யூதர் பெர்லினில் 'பறையன்' நாடகம் போட்டார். யூதர்களின் நிலையைச் சொல்ல நம்ம பெயர் அவருக்கு உதவியது. அடுத்த வருஷம் கதே அதே பெயரில் கவிதை வெளியிட்டார், தலை ஒன்று உடல் ஒன்றாகச் சேர்ந்த நம்ம மாரியம்மன் கதையை வைத்து. 1838-ல் ஃப்ளோரா டிரிஸ்டான் என்ற பிரெஞ்சுப் பெண் தன்னையே 'பறைச்சி' என்று சொல்லிக்கொண்டு பயண நூல் எழுதினாள். 1944-ல் ஹன்னா ஆரென்ட்டும் யூதர்களைப் பற்றி எழுத இதே சொல்லை எடுத்தார். இவர்கள் யாரும் இழிவாகச் சொல்லவில்லை, ஒடுக்கப்பட்டவன் பக்கம் நின்றே சொன்னார்கள். ஆனாலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் செங்கல்பட்டிலும் தஞ்சாவூரிலும் வயலில் நிற்கிற ஆளை அவர்கள் பார்க்கவில்லை.

இங்கே நடந்தது வேறு. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் பத்திரிகை தொடங்கியபோது, வேண்டுமென்றே 'பறையன்' என்று பெயர் வைத்தார். அயோத்திதாசப் பண்டிதருக்கு அது ஏற்கவில்லை. பௌத்தர்களாக இருந்தவர்கள்மீது எதிரிகள் சுமத்திய இழிபெயர் என்று வாதாடினார். 1922-ல் எம்.சி. ராஜா சட்டசபையில் போராடி, அரசாங்கப் பதிவேடுகளில் 'ஆதிதிராவிடர்' என்று வரச் செய்தார். மூவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் உத்தேசம் எனக்கில்லை. சீனிவாசன் செய்ததில் இருக்கும் துணிச்சல் எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். புறநானூறு 335-ஆம் பாட்டில் பறையன் குடி மதிப்போடு சொல்லப்பட்டிருக்கிறது என்பதை எம்.ஏ. வகுப்பில் அவசரமாகத் தாண்டிப்போன ஒரு ஆசிரியரை எனக்குத் தெரியும்.

இப்போது அரசியலுக்கு வருவோம். நிறவெறி நடத்திய தென்னாப்பிரிக்க அரசை உலகம் ஒதுக்கிவைத்தபோது இங்கிலீஷ் பத்திரிகைகள் அதை 'பறையா ஸ்டேட்' என்று எழுதின. நன்றாக யோசித்துப் பாருங்கள். தீண்டாமை செய்தவன் அந்த அரசு. அவனைத் திட்டுவதற்குத் தீண்டாமையை அனுபவித்தவன் பெயரை எடுத்துக்கொள்கிறார்கள்! நியாயப்படி அந்த அரசுக்கு வைக்க வேண்டியது பருந்துக்கு வைத்த அந்த இன்னொரு பெயரைத்தான்.

மலேசியாவிலும் தகராறு வந்தது. அப்துல்லா ஹுசைன் எழுதிய 'இன்டர்லோக்' நாவல் பள்ளிக்கூடப் பாடமானபோது, அதில் இந்தச் சாதிப் பெயர் இருக்கிறது என்று தமிழர்கள் கொதித்தார்கள். 2011-ல் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தார்கள். 'எங்களை எப்படி அப்படிச் சொல்லலாம்' என்று அப்போது கேட்டவர்களில் சிலருக்குக் கோபம் சாதிமேல் இல்லை, சாதிப் பட்டியலில் தங்களை எங்கே வைத்தார்கள் என்பதன்மேல்தான்.

1989-ல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, நம்மவரை நாலுபேர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் குற்றம். இங்கிலீஷில் ஒரு நாட்டையோ ஒதுக்கப்பட்ட மந்திரியையோ அந்தப் பெயரால் எழுதினால் அது நடை. மொழிபெயர்ப்பு வேலை வரும்போது 'ஒதுக்கிவைக்கப்பட்ட நாடு' என்றுதான் நான் எழுதிக் கொடுக்கிறேன். மூலத்தில் இருக்கிற வேகம் வரவில்லையே என்று ஒரு துணை ஆசிரியர் குறைப்பட்டார். மூலத்தில் இருக்கிற சொல்லைத் தமிழில் அப்படியே போட்டு, கீழே உங்க பேரையும் போடுங்க சார் என்றேன். போடவில்லை.