வீட்டுத் தோட்டத்தில் கறுப்பு வால்நட்

கறுப்பு வால்நட் (யூக்ளான்ஸ் நைக்ரா) வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட பெருமரம். நம் ஊர்க் கடைகளில் வால்நட், அக்ரூட் என்று விற்கப்படுவது இதன் உறவான பாரசீக வால்நட்.

காட்டில் 30 மீட்டரைத் தாண்டும் இம்மரம், வீட்டு வளாகத்தில் 15 முதல் 23 மீட்டர் வரை வளர்ந்து, ஏறக்குறைய அதே அகலத்துக்குக் கிளை பரப்பும். சின்ன மனைக்கு இது ஆகாது. ஆழமான, நீர் தேங்காத வளமண் வேண்டும். ஆணிவேர் வேகமாக இறங்குவதால் வளர்ந்த கன்றைப் பெயர்த்து நடுவது கடினம். கொட்டையை இலையுதிர்காலத்திலேயே மண்ணில் ஊன்றிவிடுவது எளிது. குளிர்காலம் முழுவதும் ஈர மண்ணில் கிடந்தால்தான் அது வசந்தத்தில் முளைக்கும். அதுவரை அணில்கள் தோண்டாதபடி மேலே கம்பிவலை போட வேண்டும்.

இம்மரத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே அமெரிக்கத் தோட்டக்காரர்கள் முதலில் சொல்வது ஜக்லோனைத்தான். வேர், மொட்டு, காயின் பச்சைத்தோல் ஆகியவற்றில் மிகுந்திருக்கும் இந்த வேதிப்பொருள் சில செடிகளின் சுவாசத்தைக் கெடுத்து வாட வைக்கும். தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி, மிளகாய், அசேலியா ஆகியவை பெரும்பாலும் தப்புவதில்லை என்பார்கள். மக்காச்சோளம், பீன்ஸ், வெங்காயம், கேரட், புல்தரைக்குப் பாதகமில்லை. காய்கறிப் பாத்தியை அடிமரத்திலிருந்து 15 மீட்டருக்கு மேல் தள்ளி அமைப்பது வழக்கம். மரத்தை வெட்டினாலும் வேர்கள் மட்கும்வரை சிக்கல் தீராது. ஆனால் ஆதாரங்களில் பெரும்பகுதி, தூய ஜக்லோனைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் நடந்த சோதனைகள். மரத்தடியில் செடி வாடுவதற்கு நிழலும் நீர்ப்போட்டியும்கூடக் காரணமாகலாம். குதிரைகள் விஷயத்தில் ஐயமில்லை: இம்மரத்தின் இழைப்புச் சீவலைக் கொட்டிலில் பரப்பினால் அவற்றின் குளம்பு வீங்கி நடக்க முடியாமல் போகும்.

செப்டம்பர், அக்டோபரில் டென்னிஸ் பந்தளவுக் காய்கள் உதிரத் தொடங்கும். வண்டி நிறுத்துமிடத்தின் மேல் கிளை நீண்டிருந்தால் அதன் அருமை அப்போது தெரியும். பச்சைத்தோலின் சாறு கையில் பட்டால் பழுப்புக்கறை நாள்கணக்கில் போகாது. அதைச் சாயமாகவும் மையாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஓடு சாதாரணப் பாக்குவெட்டிக்கு மசியாது, சுத்தியல்தான் வேண்டும். மிசௌரி மாநிலத்தின் ஸ்டாக்டனில் 1946இல் தொடங்கிய ஹாமன்ஸ் நிறுவனம், மக்கள் பொறுக்கிக் கொண்டுவரும் காய்களை எடைக்கு வாங்குகிறது. பருப்பு ஐஸ்கிரீமுக்கும் கேக்குக்கும் போகிறது. அரைத்த ஓடு உலோகங்களைத் தேய்த்துத் துலக்க உதவுகிறது.

மரச்சாமான், துப்பாக்கிக் கட்டை ஆகியவற்றுக்கு இதன் கரும்பழுப்பு வைரம் நல்ல விலை பெறும். அதை நம்பி வீட்டு மரத்தை விற்கக் கிளம்புபவர்களை மரவாடிகள் உற்சாகமாக வரவேற்பதில்லை. கொடிக்கம்பிக்கும் ஊஞ்சலுக்கும் என்றோ அடித்த ஆணிகள் உள்ளே புதைந்திருந்தால் ரம்பம் உடைந்துவிடும்.