மதுவிலக்கு வாக்குறுதியும் நம் மாவட்டமும்

தேர்தல் மேடைகளில் அளிக்கப்படும் உறுதிமொழிகள் வெற்றிக்குப் பின் காப்பாற்றப்படுகின்றனவா என்று நம் இளைஞர்கள் வினவுகின்றனர். இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. மதுவிலக்கு என்னும் ஓர் உறுதிமொழியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்வோம். 2024 ஜூன் திங்களில் கருணாபுரத்தில் நிகழ்ந்த பேரிழப்பிற்குப் பின் நம் மாவட்டத்தார்க்கு இதனினும் நெருங்கிய பொருள் வேறில்லை.

மதுவிலக்கு, காங்கிரஸ் பேரியக்கம் நெடுங்காலம் மக்களுக்குக் கூறிவந்த உறுதி. 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தில் பதவியேற்ற இராஜாஜி அமைச்சரவை, மூன்று திங்கள் நிறைவுறுமுன், அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் அதனை நடைமுறைப்படுத்திற்று. கல்வராயன் மலைக்கு மேற்கே கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. கிழக்கே நம் தென்னார்க்காட்டில் அவை திறந்தே இருந்தன. ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் படிப்படியாக விரித்தமைக்குக் காரணம் உண்டு. கலால் வருவாயே அன்றைய அரசின் பெருந்தூண். அதனை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. வணிகர்கள் எதிர்த்தனர், அரசு பின்வாங்கவில்லை. (இதே இராஜாஜி 1953இல் கொணர்ந்த அரைநாட் கல்வித் திட்டத்தை நம் சமுதாயம் ஒருபோதும் ஏற்காது. அது வேறு செய்தி.) பின்னர், தென்னார்க்காட்டு மண்ணில் பிறந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்தபோது, 1948 அக்டோபர் 2இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நிறைவேறிற்று. சொன்ன சொல் பதினோராண்டில் காப்பாற்றப்பட்டது.

அதன் பின் நிகழ்ந்தது வேறு. 1971இல் தி.மு.க. அரசு, நிதி நெருக்கடியைக் காரணங்காட்டி மதுவிலக்கைத் தள்ளிவைத்தது. முதுமையிலும் இராஜாஜி வேண்டிக்கொண்டது பயன்தரவில்லை. அவ்வரசே 1974இல் மீண்டும் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு அதனைத் தளர்த்தியது; 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது; 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது.

2016 தேர்தலில் தி.மு.க. முழு மதுவிலக்கை உறுதியளித்தது, அ.தி.மு.க. படிப்படியான மதுவிலக்கை உறுதியளித்து வென்றது. ஜெயலலிதா பதவியேற்ற மே 23ஆம் நாளே 500 கடைகளை மூட ஆணையிட்டார். 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி மேலும் 500 கடைகளை மூட ஆணையிட்டார். முதற்படிகள் உண்மையாகவே எடுத்துவைக்கப்பட்டன என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆயினும் அவ்வாட்சி 2021இல் முடிந்தபோது மதுவிலக்கு வரவில்லை. 2023 ஜூனில் தி.மு.க. அரசும் 500 கடைகளை மூடிற்று. எனினும் 2023-24இல் மதுவால் அரசு பெற்ற வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாயைக் கடந்தது. 1939இல் விற்பனை வரி என்று ஒரு மாற்று வழி கூறப்பட்டதே, அதனை ஒத்த வழியை 2016இல் எவர் கூறினார்?

கருணாபுரத்தில் மாண்டோர் அரசுக் கடையில் வாங்கிக் குடித்தவர் அல்லர். கடை விலை கட்டுபடியாகாத நாட்கூலிகள், மலிவான பாக்கெட் சாராயத்தை நாடினர்; அதில் மெத்தனால் கலந்திருந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். நம் மக்கள் அவர்களுள் பலர். ஆகவே கடைகளை மூடினால் மட்டும் போதும் என்று யான் கூறேன். 1976 வரை மூன்று ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் கிடந்த கல்வராயன் மலையில், பிழைப்பின்மையே சாராய ஊறலுக்கு உரமாயிற்று. இம்மலைமக்களின் வாழ்வாதாரம் குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் தானே முன்வந்து வழக்கு எடுத்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் அங்கே நீதிமன்றம் கேட்க வேண்டிய நிலையில் இருந்தன.

அவ்வாண்டு ஜூன் இறுதியில் சட்டமன்றம், கள்ளச்சாராயக் குற்றத்திற்கு ஆயுள் தண்டனை வரை விதிக்குமாறு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. அது 1937இல் இயற்றப்பட்ட அதே சட்டம். டாஸ்மாக் கடைகளை நடத்துவதற்கான விதிகளும் அச்சட்டத்தின் கீழேயே வகுக்கப்பட்டுள்ளன.