பூந்தமல்லியின் ஆறு புள்ளிகளும் தமிழ் மின்னஞ்சல் குழுவும்

சென்னைக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பூந்தமல்லி, பார்வையற்றோர் கல்வியோடு நெடுங்காலத் தொடர்புடைய ஊராகும். நாட்டு விடுதலைக்கு முன்பே தோன்றிய அரசினர் பார்வையற்றோர் பள்ளி இங்கு உள்ளது. பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனம் 1988ஆம் ஆண்டு தன் மண்டல மையத்தை இவ்வூரில் நிறுவியது. தமிழ் நூல்களைப் புள்ளி எழுத்தில் அச்சிடும் பணியும் இங்கு நடைபெற்று வருகிறது. அண்மையிலுள்ள அம்பத்தூரிலோ, தொழிற்பேட்டையின் பழைய பட்டறைகளுக்கு இடையே பெரும் தரவு மையங்கள் எழுந்துள்ளன. புதிய செய்தித்தொடர்புக் கருவிகளும் சமுதாயமும் என்னும் பொருளைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அம்பத்தூரையே சுட்டிக்காட்டுவர். நாம் பூந்தமல்லியிலிருந்து தொடங்க விரும்புகிறோம். தமிழ் எழுத்தை அனைவருக்கும் பொதுவான ஒரு குறியீடாக மாற்றுவது எங்ஙனம் என்னும் வினா சென்ற நூற்றாண்டில் இருமுறை எழுந்தது. முதன்முறை அது விரல் நுனிக்காகவும், இரண்டாம் முறை கணினிக்காகவும் எழுந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கியவர் நம்மிடையே மிகச் சிலரே.

லூயி பிரெயில் தம் ஆறு புள்ளி முறையை 1829இல் வெளியிட்டார். இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதற்பள்ளி 1887இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் அம்மையாரால் தொடங்கப்பெற்றது. மூன்றாண்டுகளுக்குப் பின் ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் அத்தகைய பணியைத் தொடங்கினார். இவ்விருவரும் மிஷனெரிமார் என்பதை நம் திருச்சபை வரலாறுகள் மறவாமல் குறிப்பிடுகின்றன. அவை குறிப்பிடாத செய்தி ஒன்றும் உண்டு. ஒவ்வொரு பணித்தளமும் தனக்கேற்ற புள்ளி முறையை வகுத்துக்கொண்டது. நோல்ஸ், கார்த்வெயிட் ஆகியோர் வகுத்த கீழைப் பிரெயில் ஒன்று. ஷிரெஃப் அம்மையாரின் முறை மற்றொன்று. தமிழுக்கென வழங்கிய முறை வேறு. மைசூரில் வழங்கியது வேறு. ஓரிடத்தில் அச்சான நூலைப் பிறிதோரிடத்தில் பயின்றவர் தொட்டுப் படிக்க இயலவில்லை. எழுத்தைக் கொண்டுவந்த பெருமை மிஷனெரிமாருக்கு உரியது. அதனைச் சிதறவிட்ட பொறுப்பிலும் அவர்களுக்குப் பங்குண்டு.

இச்சிதறலை நீக்கும் முயற்சி 1940களில் அரசு அளவில் தொடங்கிற்று. 1949இல் இந்திய அரசு யுனெஸ்கோவின் உதவியை நாடியது. 1950இல் பாரிசிலும் 1951 பிப்ரவரியில் பெய்ரூட்டிலும் கூட்டங்கள் நிகழ்ந்தன. அவ்வாண்டே பாரதி பிரெயில் இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவாக ஏற்கப்பட்டது. இப்பணிக்கு யுனெஸ்கோவின் ஆலோசகராக இருந்த கிளூதா மெக்கன்சி, 1915இல் கலிப்போலிப் போர்க்களத்தில் பார்வையை இழந்தவர் என்பது கருத்தில் கொள்ளத்தக்கது. நூல்களைத் தம் விரலால் படிப்பவர் ஒருவர் அம்மேசையில் அமர்ந்திருந்தார்.

அவர்கள் கண்ட தீர்வு எளியது. ஒலி ஒன்றாயின் புள்ளியும் ஒன்றே. ஆங்கிலத்தின் 'கே' எழுத்துக்குரிய புள்ளிகளே தமிழ்க் ககரத்துக்கும் இந்திக் ககரத்துக்கும் உரியனவாயின. அச்சில் 'கெ' என்று எழுதுகையில் கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்கும். பிரெயிலிலோ ககரம் முன்னும் எகரம் பின்னும் வரும். அஃதாவது, கண்ணுக்குத் தெரியும் வரிசை கைவிடப்பட்டு வாயால் ஒலிக்கும் வரிசை கொள்ளப்பட்டது. இச்சிறு செய்தியை வாசகர் நினைவில் இருத்துமாறு வேண்டுகிறோம்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இதே சிதறல் கணினித் தமிழில் நேர்ந்தது. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் கனடா, மலேசியா, சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் வாழ்ந்த தமிழர் சிலர் தத்தம் முயற்சியால் எழுத்துருக்களை ஆக்கினர். ஆதமி, முரசு அஞ்சல், கணியன், மயிலை எனப் பெயர்கள் பல. உள்ளே குறியீடுகளும் பல. அனுப்பியவரிடம் உள்ள எழுத்துரு பெறுபவரிடம் இல்லையெனில் கடிதம் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். இந்நிலையைப் பாபேல் என்று கூறிவிடுவது நமக்கு எளிது. ஆனால் அது செருக்கினால் விளைந்ததன்று. தாய்நாட்டை விட்டு நெடுந்தொலைவில் இருந்தோர் தம் மொழியில் கடிதம் எழுத விரும்பியதால் விளைந்தது.

சிட்னியில் வாழ்ந்த மலேசியத் தமிழரான பாலா பிள்ளை 1990களின் நடுவில் தமிழ்.நெட் என்னும் மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார். ஒருவர் எழுதும் மடல் உறுப்பினர் அனைவருக்கும் சென்று சேரும், மறுமொழியும் அவ்வாறே. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டதே 1995 ஆகஸ்டு 15ஆம் நாள்தான். ஆகவே தொடக்கத்தில் பேசியோருள் புலம்பெயர்ந்தோரே மிகுதி. மரபுக்கவிதை முதல் சமையல் வரை பேசிய இக்குழு, தான் பேசும் கருவியைப் பற்றியும் பேசத் தலைப்பட்டது. 1997இல் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தேறியபின், பொதுக்குறியீடு ஒன்றை வகுக்கும் கலந்துரையாடல் மின்னஞ்சல் வழியே மாதக்கணக்கில் தொடர்ந்தது. லோசானில் வேதியியல் ஆய்வாளராய் இருந்த கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் முதலியோர் அதில் முன்னின்றனர். அதன் பயனே திஸ்கி என்னும் குறியீடு. எந்த அரசும் கட்டளையிடாமல், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே பலர், இரவுகளில் மடல் எழுதி எட்டிய உடன்பாடு அது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை விலையின்றி வழங்குவதற்கு அக்குறியீட்டையே கைக்கொண்டது.

எனினும் உடன்பாடு முழுமை பெறவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டின் வழியே தமிழக அரசு டாம், டாப் என்னும் வேறிரு குறியீடுகளை ஏற்றது. இதற்கிடையே 1991 முதலே ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இந்திய அரசின் இஸ்கி முறையைத் தழுவிய அவ்வமைப்பில் தமிழறிஞர் பலர் குறை கண்டனர். தேவநாகரி அச்சில் தமிழை வார்த்துவிட்டனர்; தமிழில் இல்லாத எழுத்துகளுக்காக இடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன; மெய்யெழுத்து ஒன்றுக்கு இரு குறியீடுகள் வேண்டியுள்ளன என்பன அவர்தம் முறையீடுகள். அவை பொய்யல்ல. அக்காலக் கணினிகளில் ஒருங்குறித் தமிழ் ஒழுங்காகத் தோன்றவும் இல்லை. ஆகவே திரையில் உடனே தெரியும் குறியீட்டை அவர்கள் நாடியது இயல்பே.

ஆனால் தெரிதல் என்பதிலேயே ஒரு வேறுபாடு மறைந்திருந்தது. திஸ்கி முதலிய எழுத்துருக் குறியீடுகள் கண் காணும் வரிசையைப் பின்பற்றின. கொம்பு முன், ககரம் பின். ஒருங்குறியோ ககரத்தை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைத்தது. பூந்தமல்லி மாணவரின் விரல் அறிந்த வரிசை அதுவே. குறை கூறப்பட்ட அமைப்பே பார்வையற்றோரின் முறைக்கு அணுக்கமாயிருந்தது என்பது நம் கருத்து.

இதன் விளைவு பின்னரே புலப்பட்டது. பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் 2006இல் என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பானை உருவாக்கி விலையின்றி வழங்கினர். திரையிலுள்ள எழுத்தைக் கணினியே உரக்கப் படிக்கும், தமிழையும் படிக்கும். எத்தமிழை? பாமினி எழுத்துருவில் நாம் காணும் 'அம்மா' என்னும் சொல்லைக் கணினி 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்றே தன்னுள் வைத்திருக்கிறது. கண் உள்ளவருக்கு அது அம்மா. காதால் படிப்பவருக்கு அது சிதைந்த ஆங்கிலம். ஒருங்குறியில் எழுதிய 'அம்மா' மட்டுமே அவருக்கும் அம்மா. தமிழக அரசு 2010 ஜூனில் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அலுவலகங்களும் அச்சகங்களும் பழைய எழுத்துருக்களை உடனே விட்டுவிடவில்லை.

நம் திருச்சபைகளின் நிலை இதனினும் பின்தங்கியது. திருச்சபை இதழ்கள், ஆராதனை முறைகள், பிரசங்கக் குறிப்புகள் ஆகியன முப்பது ஆண்டுகளாகப் பழைய எழுத்துருக்களில் கணினியேற்றப்பட்டுக் கிடக்கின்றன. இன்றும் ஞாயிறு ஆராதனை முறையைப் படமாக எடுத்துக் கைப்பேசி வழி அனுப்புகிறோம். திரைபடிப்பானுக்கு அது வெறும் படம். பிரெயில் திருமறை அடுக்கினால் அலமாரியை நிறைக்கும் பல பெருந்தொகுதிகளாகும். அதனைச் சுமந்து திரிய இயலாத பார்வையற்ற இறையியல் மாணவர் ஒருவருக்குக் கைப்பேசியே நூலகம். அந்நூலகத்தில் நம் எழுத்துகள் இன்னும் இடம்பெறவில்லை.

பழைய எழுத்துருக்களை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றுட் பல, தமிழ்.நெட் காலத்து வழக்கப்படி, ஆர்வலர்கள் ஊதியம் கருதாது ஆக்கி அளித்தவை. கட்டுரை ஒன்றை மாற்றச் சில நொடிகள் போதும். மாற்றியபின் ஒரு முறை மெய்ப்புப் பார்த்தல் வேண்டும். கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறி நிற்கும்.